லினக்ஸில் ஓடாத ஒரே ஒரு புரோகிராம்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குள், பதினான்கு பேர் பார்த்திருக்க, கோமதிநாயகம் ஆறு ஆட்டம் தோற்றிருந்தார்.

அவர் பாளையங்கோட்டை கேமிங் சென்டர் ஒன்றின் முதலாளி. துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் இரண்டு வருட மாவட்டச் சாம்பியன். அவரது கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏறாததால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாற்றச் சொல்லியிருந்தார். மாற்றியவர் அங்கே பழுது பார்க்கும் டெல்பின்.

“ஏ டெல்பின், இருந்தது எல்லாம் அப்படியே ஓடணும்னு சொன்னேம்லா? ஒண்ணு குறைஞ்சாலும் உனக்கு இங்க வேலை கிடையாதுன்னேம்லா?”

“நாப்பத்தொண்ணு புரோகிராம் ஓடுது அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணுதான் ஓடல.”

“பாத்தியளா இவ லட்சணத்த! எது ஓடல?”

“உள்ள வாங்க, தனியா சொல்லுதேன்.”

“ஏன், வெக்கமா இருக்கோ? சத்தமா சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்.”

டெல்பின் தலையைக் குனிந்துகொண்டார். “‘கல்யாண போட்டோ’ன்னு பேர் போட்ட ஃபோல்டர்ல ஒரு புரோகிராம் இருந்துச்சுல்லா? எதிராளி சுவருக்குப் பின்னால நின்னாலும் காட்டிக்கொடுக்குமே, அதுதான். அது விண்டோஸ்ல மட்டுந்தான் ஓடும். வேணும்னா இப்பவே, இவங்க முன்னாலயே பழையபடி மாத்திருதேன் அண்ணாச்சி.”

அண்ணாச்சியிடம் ஆட்டம் பழக வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கோமதிநாயகம் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். அதில் எந்தச் சத்தமும் வரவில்லை.

மார்ச் 14 அன்று இரண்டு கோப்பைகளும் மாவட்டப் போட்டிக் குழுவிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவர், சென்டர் ஊழியர் டெல்பின்.