அரண்மனைப் பலா

பூங்காவூர் ராஜா கெஜவீரருக்கு வீணைன்னா உசுரு. சின்ன வயசுலேர்ந்து சாதகம் பண்றார். ஆசை ராஜாவுக்கு, அவஸ்தை ஊருக்கு!

"பழைய வீணை சரியில்ல. ஆசாரி, ஒரே மரத்துல குடைஞ்சு புதுசா ஒண்ணு செய்!"ன்னார் ஒருநாள்.

வீணை செய்யுற மாணிக்க ஆசாரி கையைக் கட்டிக்கிட்டு, "பலாமரம்தான் தோது சாமி. லேசா இருக்கும், பூச்சி அரிக்காது, தட்டினா கணீர்னு பேசும். கோயில் பக்கத்துப் பலான்னா இன்னும் விசேஷம். மணியோசை கேட்டே வளந்திருக்கும். மரம் கேட்டதைத்தானே வீணை பாடும்!"ன்னார்.

"ஏன், என் தோட்டத்துப் பலாவுக்கு என்ன கொறச்சல்? அதை வெட்டு!"

வெட்டி, நல்லா காயவச்சு, குடைஞ்சு, தந்தி கட்டிக் குடுத்தாச்சு. ராஜா சபையில உக்காந்து மீட்டினார்.

'ங்ஙொய்ய்ய்ங்!'

மாடத்துப் புறாவெல்லாம் ஊரைக் காலி பண்ணிருச்சு.

ராஜா முகம் செவந்துருச்சு. சபை வித்துவான் சாரங்க பாகவதர் துள்ளி எந்திரிச்சார். "உங்க விரல்ல குத்தமே இல்ல மகாராஜா! மரம் மட்டம். ஆசாரி ஏமாத்திட்டான்!"

"அவன் கட்டைவிரலை வெட்டுங்கடா!"

மந்திரி சொக்கப்பன் மெல்ல முன்னால வந்தார்.

"தாராளமா வெட்டலாம் மகாராஜா. அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். பாகவதரே, மரம் கேட்டதைத்தான் வீணை பாடும்ங்கிறது நெசமா?"

"நெசம் ஓய்! இந்த மரம் கேக்கக் கூடாத எதையோ கேட்டிருக்கு. கழுதை கத்தினதையோ, என்ன கண்றாவியோ!"

"விசாரிச்சேன். மரம் நின்னது மகாராஜா சாதகம் பண்ற அறை ஜன்னலுக்கு நேரா. காக்கா கத்தினாக்கூட காவக்காரங்க வெரட்டிருவாங்க. அது கேட்டதெல்லாம் மகாராஜா சங்கீதம் ஒண்ணுதான்."

ராஜா மெதுவாத் திரும்பினார். "பாகவதரே... கழுதைன்னீரே?"

பாகவதருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. "ஐயையோ! வீணை தேன் மகாராஜா, சொட்டச் சொட்டத் தேன்! என் காதுலதான் அழுக்கு!"

"அப்ப ஆசாரி வேலை?"ன்னார் சொக்கப்பன்.

"அற்புதம் ஓய், அற்புதம்!"

ராஜா குளுந்துட்டார். ஆசாரிக்கு விரலும் தப்பிச்சுது, அதுல போட மோதிரமும் கெடச்சுது. பாகவதருக்கு? தெனம் விடியக்காலம் எதிர்ல உக்காந்து அந்தத் தேனைக் கேக்குற பாக்கியம்!

"சொக்கப்பா, உனக்கு என்ன வேணும்? கேளு!"

"பெருசா ஒண்ணும் வேணாம் மகாராஜா. வெளியூர்ல ஒரு வேலை போட்டுக் குடுத்துருங்க, போதும்."