சேவல் வைத்த கால்

ஆண்ட்வெர்ப் நகரத்தில் கோரிஸ் என்று ஓர் ஓவியர் இருந்தார். விலங்குகளை வரைவதில் சூரர். சந்தை, தொழுவம் என்று அலைந்து, உயிரோடு திரிவதைப் பார்த்தே வரைவார். அவரிடம் லீவன் சீடனாக இருந்தான். ரொட்டிக்கடையை மூடிவிட்டுத் தூரிகை பிடித்தவன். இருவருக்கும் ஒரே வயது.

ஞாயிற்றுக்கிழமை ஓவியர் சங்கத்துப் பெரியவர்கள் வருவதாக இருந்தது. லீவன் வரைந்த சேவல் அவர்களுக்குப் பிடித்தால் அவன் தனியாகப் பட்டறை போடலாம். பட்டறை போட்டால்தான் பெண்ணைக் கட்டிக்கொடுப்பேன் என்று அவன் காதலி மேக்கனின் அப்பா அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

படத்தில் சேவல் ஜம்மென்று நின்றது. ஒவ்வோர் இறகும் இழை இழையாக இருந்தது. முட்டை கொண்டுவந்த மேக்கன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"செத்த சேவலை எதுக்கு நிக்க வச்சிருக்கே?"

லீவனுக்கு முகம் சுண்டிப்போனது. "கண்ணைப் பாரு, முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கு?"

"கண்ணு முழிச்சிருக்கு, சரி. காலைப் பாரு. விரலெல்லாம் சுருண்டு கிடக்கு. இந்தக் காலோட எந்தச் சேவல் நிக்கும்?"

அவள் சொன்னது நிஜம். சமையல்கட்டில் தொங்கிய சேவலைப் பார்த்துத்தான் அவன் வரைந்திருந்தான். உயிருள்ளது அசையாமல் நின்று தொலைக்குமா என்ன!

குருவிடம் ஓடினான். "ஐயா, மானம் போச்சு! நிக்கிற காலை எப்படி வரையறது?"

கோரிஸ் எழுந்து கிளம்பினார். சந்தைக்குப் போய் ஒரு சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். பட்டறைக் கதவைச் சாத்தினார். சேவலை விட்டார்.

அடேயப்பா, அது போட்ட ஆட்டம்! வண்ணக் கிண்ணத்தில் ஏறி மிதித்தது. அங்கிருந்து குதித்து, திருத்துவதற்காகத் தரையில் கிடத்தியிருந்த படத்தின் மேலேயே நடந்தது. மூவரும் துரத்தினார்கள். லீவன் வழுக்கிக் குப்புற விழுந்தான். கடைசியில் மேக்கன் முட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, காலிக் கூடையைக் கவிழ்த்து அதை மூடினாள். சிரித்துச் சிரித்து மூவருக்கும் வயிறு வலித்தது.

படத்தில் நாலு காலடிகள். முன்னே மூன்று விரல் விரிந்து, பின்னே ஒரு விரல் அழுந்தி.

லீவன் துணியை எடுத்தான். "மூணு நாள்தான் இருக்கு ஐயா. இதைத் துடைச்சுடவா?"

கோரிஸ் குனிந்து பார்த்தார்.

"இதை விட்டுடு. மீதியைத் துடை."