முதல் கிண்ணம் யாருக்கு

அந்தக் காலத்தில், கரடி வேலியோரம் வந்து நின்று மழை வருமா என்று விசாரித்துவிட்டுப் போகும். குளவிக்குக்கூட வாயும் பேச்சும் இருந்தன. அப்போது ருமேனிய நாட்டு மலைச்சரிவில், பிளம் மரங்கள் மண்டிக் கிடந்த ஒரு சிற்றூரில், சாஃப்தா என்றொரு விதவை இருந்தாள். ஆடு வளர்த்து, பாலாடைக்கட்டி செய்து விற்றுப் பிழைத்தாள்.

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒப்ரியாவின் தோட்டம். அதுவரை அந்தச் சரிவில் எல்லோரும் திராட்சையை மிதித்து ஒயின் செய்தவர்கள்தான். உதிர்ந்த பிளம் பழங்களைப் பீப்பாயில் ஊறல் போட்டு, செப்பு அண்டாவில் காய்ச்சி, ஆவியைக் குழாய்வழியே குளிரவைத்துச் சாராயமாக வடிக்கும் வழியை முதலில் கண்டுபிடித்தவன் ஒப்ரியா. அதற்கு ட்சுயிக்கா என்று பெயரும் வைத்தான். வடித்த அன்று ஊரே கூடி நின்றது. குழாயிலிருந்து இறங்கிய முதல் கிண்ணத்தை மனைவி இலிங்காவின் கையில் கொடுத்தான். வீட்டில் யார் மேல் உயிரோ அவர்களுக்குத்தான் முதல் கிண்ணம் என்றான். மற்றவர்கள் அதற்கப்புறம் வடிந்ததை வாங்கிக் குடித்து, பாடிக்கொண்டே வீடு போனார்கள். மறுநாள் காலையில் இலிங்கா கண் தெரியவில்லை என்றாள். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சாராயம் வடித்த அன்று இலிங்காவுக்கென்று தனியாக ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியை இலையில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தவள் சாஃப்தா. ஊர் யோசித்தது. சாராயத்தை எல்லோரும் குடித்தோம், எல்லோரும் நன்றாக இருக்கிறோம். கட்டியைத் தின்றவள் அவள் ஒருத்தி. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் கேட்கவில்லை. ஆனால் கட்டி வாங்க வந்தவர்கள், அவளையே ஒரு விள்ளல் தின்னச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் வைத்தார்கள். ஒப்ரியாவோ அவள் பக்கம் தலைகூடத் திருப்பவில்லை.

தன் கட்டியில் பாலும் உப்பும் தவிர வேறொன்றுமில்லை என்று சாஃப்தாவுக்குத் தெரியும். அப்படியானால் அந்தச் சாவு எங்கிருந்து வந்தது? பெண்டாட்டிக்குத் தன் கையால் கிண்ணம் கொடுத்தவன் யார்? பழி தன் மேல் விழுந்தபோது வாய் திறக்காமல் இருந்தவன் யார்? நினைக்க நினைக்க அவளுக்கு எல்லாம் சரியாகப் பொருந்தியது. கொலைகாரன் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான் என்று முடிவு கட்டினாள். அவன் மரத்துக்கு உரம் வைத்தால்கூட, எதைப் புதைக்கிறான் என்று எட்டிப் பார்த்தாள்.

காலம் போயிற்று. ஒப்ரியாவின் மகள் வொய்க்கா வளர்ந்து நின்றாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மனைவி போனதிலிருந்து மூலையில் கிடந்த செப்பு அண்டாவை ஒப்ரியா வெளியே எடுத்து, புளித்த மாவு போட்டுத் தேய்த்தான். கல்யாணத்துக்கு முந்தின வாரம், அடுப்பும் குழாயும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கக் கொஞ்சம் ஊறலை ஏற்றினான். முதலில் இறங்கியதில் செம்பின் பச்சைக் களிம்பு கலந்திருக்கும் என்று அதை வேலியோரத்துப் பழத்தோல் குவியலில் கொட்டினான். வேலிச் சந்தில் தலையை விட்டுச் சாஃப்தாவின் வெள்ளாடு அந்தத் தோலைத் தின்றது. மறுநாள் வேலியில் முட்டி முட்டி நடந்தது. பிறகு விழுந்து செத்தது.

சாஃப்தா செத்த ஆட்டின் அருகே உட்கார்ந்து அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் தாடியில் சாராயம் மணக்கும் பழத்தோல் ஒட்டியிருந்தது. இலிங்காவும் இப்படித்தான் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். சாஃப்தா ஆள் இல்லாத நேரம் பார்த்து வேலி தாண்டிப் போனாள். அண்டாவின் கழுத்தில் ஒரு குளவி உட்கார்ந்திருந்தது. பிளம் சாராயம் என்றால் குளவிக்கு உயிர்; அண்டா இருக்கும் இடத்தை விட்டு நகராது. ஒப்ரியா இதில் என்ன விஷம் கலக்கிறான் என்று கேட்டாள்.

"அவன் ஒன்றும் கலக்கவில்லை அம்மா" என்றது குளவி. "பின்னால் வருவது தேன். முதலில் வருவதில்தான் சாவு இருக்கிறது. அதில் இறங்கின என் அக்காமார் எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை."

இது அவனிடம் ஓசியில் குடிக்கிற குளவி, அவனுக்காகத்தானே பேசும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் ஆட்டை யாரும் கூப்பிட்டு விஷம் வைக்கவில்லையே. இத்தனை காலம் கொலைகாரன் என்று நினைத்தவன், பிரியத்தினால்தான் அந்தக் கிண்ணத்தைக் கொடுத்திருக்கிறான். அதில் சாவு இருந்தது அவனுக்கே தெரியாது.

கல்யாணத்தன்று அழைப்பில்லாமலே போனாள். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் அவளைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். ஒருத்தி தன் குழந்தையைப் பாவாடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒப்ரியா அவள் கைகளைப் பார்த்தான், இடுப்பு முடிச்சைப் பார்த்தான்.

"இன்றைக்கும் கட்டி கொண்டுவந்திருக்கிறாயா?" என்றான்.

அவள் அவனைத் தாண்டிக் குழாயருகே போய் நின்றாள். குழாயிலிருந்து முதல் சாராயம் இறங்கியது. ஒப்ரியா அதைக் கிண்ணத்தில் பிடித்து, கண் கலங்க, மகளிடம் நீட்டினான். வொய்க்கா அதை உதட்டுக்குக் கொண்டுபோனாள். சாஃப்தா பாய்ந்து பிடுங்கி மண்ணில் கவிழ்த்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். ஒப்ரியா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டான். உண்மை அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் இத்தனை ஆண்டுப் பழி அந்த நிமிஷமே போய்விடும். மணிக்கட்டைப் பிடித்திருந்த அவனுடைய விரல்களைப் பார்த்தாள். அந்த விரல்கள்தான் இலிங்காவுக்குக் கிண்ணம் கொடுத்தவை.

"முதல் கிண்ணம் இலிங்காவுக்கு" என்றாள். "அவளை விட்டுவிட்டு யாருக்குக் கொடுக்கிறாய்? இன்னும் ஊற்று. அவள் ஒரு கிண்ணத்தோடு விடுகிறவளா?"

ஒப்ரியாவின் பிடி தளர்ந்தது. பிறகு குழாயிலிருந்து வந்ததைப் பிடித்துப் பிடித்து, மனைவி பெயரைச் சொல்லி மண்ணில் ஊற்றினான். சாஃப்தா போதும் என்று சொல்கிறவரை ஊற்றினான். அப்படியும் அவன் சந்தேகம் தீரவில்லை. கிண்ணத்தைத் தொட்டாளே, அதில் என்ன தடவினாளோ. அதே கிண்ணத்தை நிரப்பி அவளிடமே நீட்டி, நீ குடித்த பிறகுதான் என் மகள் குடிப்பாள் என்றான்.

ஊற்றினது போதுமா என்று சாஃப்தாவுக்கும் நிச்சயமில்லை. கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் குளவி பறந்து வந்து விளிம்பில் உட்கார்ந்து குனிந்து உறிஞ்சியது. அதைப் பார்த்த பிறகு அவள் ஒரே மூச்சில் குடித்தாள். நெஞ்செல்லாம் எரிந்தது. கண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஒப்ரியா குளவியிடம் திரும்பினான். "நீ அன்றும் இங்கேதான் இருந்தாய். என் இலிங்கா எதனால் செத்தாள், சொல்."

குளவி சாஃப்தாவைப் பார்த்தது. அவள் மெல்லத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. குளவி வாயைத் திறந்து, வெறுமனே ரீங்காரம் செய்தது. அவன் மறுபடி கேட்டான். மறுபடியும் ரீங்காரம்தான். அதன்பிறகு, தங்கள் கூட்டத்தில் யாராவது போதையில் இந்த ரகசியத்தை உளறிவிடக் கூடாதே என்று குளவிகள் எல்லாம் கூடிப் பேச்சையே விட்டுவிட்டன.

ஒப்ரியா சாகும்வரை சாஃப்தாவின் பாலாடைக்கட்டியைத் தொடவில்லை. அவளும் அவனிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அவன் அண்டா ஏற்றும் நாளில், அவள் வேலியோரம் வந்து நின்று, அவன் முதலில் இறங்கியதை மண்ணில் ஊற்றுகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனாள். அவள் எதற்காக வந்து நிற்கிறாள் என்று அவன் கடைசிவரை சந்தேகத்தோடுதான் பார்த்தான்.

அன்று முதல்தான் அந்த மலைச்சரிவில் சாராயம் காய்ச்சுகிறவர்கள், முதலில் வடிவதைப் போனவர்களுக்கென்று சொல்லி மண்ணில் ஊற்றுகிறார்கள். காரணம் தெரிந்த குளவியோ, அடுத்த கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி ரீங்காரம் மட்டும் செய்கிறது.