பல்லக்குக்கு அடுத்தது என்ன?

கருங்குளத்தூர் ஜமீன்தார் சிங்கமுத்து பூபதி மலைக்கோயில் திருவிழாவுக்குப் பல்லக்கில் போய்க்கொண்டிருந்தார். பாதி ஏற்றத்திலேயே, கொம்பையாவோடு சேர்ந்து பல்லக்குத் தூக்கிய அவன் தம்பி உலகனுக்குக் கால் வீங்கிவிட்டது.

"சாமி, கொஞ்சம் இறக்கி வைக்கட்டுமா?" என்று கெஞ்சினான் கொம்பையா.

ஜமீன்தார் திரையை விலக்கினார். வழியெல்லாம் திருவிழாக் கூட்டம். பெருமை பேச நல்ல இடம்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் வேலோடு படைக்கு முன்னால நடந்தார். அவர் மகன் குதிரையில போனார். பேரன் யானையில போனார். நான் பல்லக்குல போறேன். நூறு வருஷம் கழிச்சு வரப்போற தலைவர் எப்படிப் போவார்? அவரை என் கண்ணுல காட்டு, இறக்கலாம். காட்டலேன்னா மலையைச் சுத்தி மூணு தடவை என்னைச் சுமக்கணும்!"

கூட்டம் கொம்பையாவைப் பாவமாகப் பார்த்தது. அவன் தம்பியின் காலைப் பார்த்தான்.

"காட்டுறேன் சாமி. ஆனா மேல உட்கார்ந்தா அவர் தெரியமாட்டார். கீழே இறங்கித்தான் பார்க்கணும்."

பல்லக்கு இறங்கியது. ஜமீன்தார் தரையில் கால் வைத்து நாலாபக்கமும் தேடினார்.

"எங்கேடா அவர்?"

"இதோ நிக்கிறாரே!" என்று அவரையே கும்பிட்டான் கொம்பையா. "இனி வர்ற தலைவர் ஜனங்க தோள் மேல போகமாட்டார் சாமி, தோளோட தோளா நடப்பார். அவரை நீங்க இன்னிக்கே காட்டிட்டீங்க!"

கூட்டம் ஆரவாரித்தது. ஒரு கிழவி அவர் கழுத்தில் மாலையே போட்டுவிட்டாள். ஜமீன்தார் பூரித்துப்போய்ப் பல்லக்குப் பக்கம் திரும்பினார்.

கொம்பையா பணிவாகச் சொன்னான்: "ஏறினா பழைய தலைவராயிடுவீங்களே சாமி!"

மாலையைச் சரிசெய்துகொண்டு ஜமீன்தார் மலையேறினார். பின்னாலேயே பல்லக்கு வந்தது. அதில் உலகன் கால் நீட்டிப் படுத்திருந்தான்.