கலங்கரை விளக்கத்தைச் சுற்றிய மாப்பிள்ளை

மந்தாரம்பட்டி ஆட்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அந்த ஊர்த் தங்கமுனியை நான்கு வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவதாகக் கடற்கரை ஊரில் செவ்வந்தி சரி என்றாள். அவள் போட்டோவைப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வந்தியின் அப்பா சிதம்பரவேல் போனில் வழி சொன்னார்: "கடற்கரை ரோட்டுல வாங்க. எங்கயும் நிக்கப்படாது, ராகுகாலத்துக்கு முன்ன பூ வைக்கணும். ரெண்டாவது லைட் ஹவுஸை வலது கைப்பக்கமா வச்சிக்கிட்டே வாங்க, வீடு வந்துரும்."

வேனில் மூன்று பேர். ஓட்டியவன் அய்யனு. பின்சீட்டில் தங்கமுனி, அவனுக்கு இடப்பக்கம் தாய்மாமன் மாசானம்.

முதல் லைட் ஹவுஸில் ஏறிப் பார்க்க மாசானத்துக்கு ஆசை. வண்டி நிற்கக் கூடாதே. ஓடுகிற வேனிலிருந்து குதித்து, முட்டி சிராய்த்து, ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். அதுவரை அய்யனு அதே ரோட்டில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது லைட் ஹவுஸ் வந்தது. வலது பக்கம்தான் இருந்தது. கொஞ்சம் தாண்டியதும் அது பின்னால் போகப் பார்த்தது. அய்யனு விடுவானா? வலது பக்கமே ஒடித்தான். மறுபடியும் ஒடித்தான். சுற்றிலும் மண்பாதை இருந்தது வசதியாகப் போயிற்று.

மூன்றாவது சுற்று முடிந்ததும் மாசானத்தின் முகம் வெளிறிவிட்டது.

"மருமவனே, தப்பு நடந்து போச்சு. விளக்கை மூணு தரம் வலம் வந்துட்டோம். கல்யாணம் முடிஞ்சிட்டு."

"வெளக்கு எரியலையே அண்ணாச்சி," என்றான் அய்யனு.

"பகல்ல எந்த வெளக்கு வே எரியும்?"

தங்கமுனி பதறினான். "எனக்கும் யாருக்கும் மாமா?"

"இடப்பக்கம் யாரு இருக்கா?"

தங்கமுனி மெதுவாகத் திரும்பி மாமாவின் மீசையைப் பார்த்தான். அழுகை வந்தது.

அய்யனுதான் வழி கண்டுபிடித்தான். வந்த சுற்றை அப்படியே ரிவர்ஸில் எடுத்தால் கல்யாணம் கழன்றுவிடும், லைட் ஹவுஸும் வலது பக்கமே இருக்கும். மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

வேன் ரிவர்ஸில் சுற்றுவதைத் தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்த சிதம்பரவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். மூன்றாவது சுற்று முடியும் நேரத்தில் தொற்றி ஏறினார். சம்பந்தி ஆயிற்றே என்று மாசானம் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு முன்சீட்டுக்குத் தாவினார்.

"ராகுகாலம் வரப்போவுது. முன்னால விடுப்பா," என்றார் சிதம்பரவேல்.

அய்யனு முன்னால் விட்டான், லைட் ஹவுஸை வலது பக்கம் வைத்துக்கொண்டு.

இரண்டாவது சுற்றில்தான் தங்கமுனிக்கு உறைத்தது. "மாமா, கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் வாங்க," என்று சிதம்பரவேலிடம் கெஞ்சி, நடந்ததையெல்லாம் சொன்னான்.

சிதம்பரவேல் பொறுமையாகக் கேட்டார். "மரியாதையாக் குடுத்த எடத்தை விட்டு எந்திரிக்கப்படாது தம்பி. எங்க வழக்கம் அது."

மூன்றாவது சுற்றும் முடிந்தது. சிதம்பரவேல் தலையைக் குனிந்துகொண்டு தன் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏளா, ராகுகாலத்துக்கு முன்னயே முடிஞ்சிட்டு. ஆரத்தி கரைச்சு வையி, ஜோடியா வாரோம். கோவிச்சுக்கிடாத, உனக்கும் அடுப்படியில ஒரு ஒத்தாசை ஆச்சு."