மோரில் கலந்த ஊசி

சுகர் பார்க்கும் மிஷின் நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

தாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையால்தான் பிடித்திருந்தார்.

"டிரைவரண்ணே, காலையில ஊசி போட்டீங்களா?"

"உள்ள போயிருச்சு தாயி," என்றார் வீரணன்.

"முழுசாவா?"

"இருபது யூனிட்டும். சொட்டு மிச்சமில்ல."

நேற்றும் இதே பதில்தான். நேற்று முன்னூற்றுத் தொண்ணூறு.

அது மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். இருந்தது ஏழெட்டுப் பேர். தாயிக்கு வயது நாற்பத்தாறுதான். இருபது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் ஊரார் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தவர். சீடர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள்.

வீரணனுக்கு அறுபத்தெட்டு. இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டியவர். மனசுக்கு நிம்மதி வேண்டும் என்று மடத்துக்கு வந்தார். மூன்று மாசம் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் பால்பாண்டி வந்து சேர்ந்தார்.

பால்பாண்டி அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சந்தை நாள். பஸ் நிறையக் கூட்டம். மேட்டில் நின்று கிளம்பும்போது வண்டி இரண்டடி பின்னால் உருண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பால்பாண்டி படியில் நின்றுகொண்டு உரக்கச் சொன்னார்: "இவரு எங்க வண்டிய ஓட்டுறாரு? வண்டில்ல இவரை ஓட்டுது!"

பஸ்ஸே சிரித்தது. மறுநாள் டிப்போவே சிரித்தது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் "ஓட்டுது வீரணன்." பணி ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்ட மேலதிகாரியும் அப்படித்தான் கூப்பிட்டார்.

கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம். மறந்துவிடு என்று சொல்வார்கள். இருபத்தேழு வருஷத்தில் ஒரு கோழி மேல்கூட வண்டியை ஏற்றாத மனுஷனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர்கள் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தார்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போ. அதற்கு மேல் பேச்சு கிடையாது. மடத்திலும் கிடையாது.

முன்பெல்லாம் வீரணனுக்குத் தாயிதான் ஊசி போடுவார். போன வாரம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது. மடத்தில் ஊசி போடத் தெரிந்த இன்னொரு ஆள் பால்பாண்டி மட்டும்தான். தன் அம்மாவுக்கு ஒன்பது வருஷம் போட்டவர்.

"அவன் கையால குத்து வாங்கணுமா? முன்னாடி வாங்குனது போதும் தாயி," என்று வீரணன் சொல்லிவிட்டார். "மருந்தை அளந்து வச்சிரச் சொல்லுங்க. நானே போட்டுக்கிறேன்."

அவருக்கோ கை நடுங்கும். ஒரு கண் சரியாகத் தெரியாது. ஆனாலும் தினமும் பால்பாண்டி இருபது யூனிட் ஏற்றி ஊசியைத் தட்டில் வைப்பார். வீரணன் அதை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போவார். காலி ஊசியோடு திரும்பி வருவார். பழைய ஊசிகளைப் போடும் டப்பாவில் அதைப் போட்டுவிடுவார்.

இப்படி ஐந்து நாள். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. வலது கால் கட்டைவிரலில் இருந்த புண் கறுக்கத் தொடங்கியது. டவுன் டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் சர்க்கரை இறங்கவில்லை என்றால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்.

"ஆக்ஸிலேட்டர் மிதிச்ச விரலு," என்று வீரணன் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தாயி மிஷினை மூடி வைத்தார். வீரணனுக்குப் பக்கத்தில் காலி மோர் டம்ளர் இருந்தது. அதை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே, மோருல மருந்து வாடை வருது?"

வீரணன் சுவரைப் பார்த்தார்.

"டிரைவரண்ணே."

"குத்துனா என்ன, குடிச்சா என்ன தாயி? எப்படியும் உள்ளதான போகுது?"

தாயிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டுக் கை குலுங்கி வலித்தது. "ஐயோ" என்று கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

வெளியிலிருந்து பால்பாண்டியின் குரல் வந்தது. "தாயி, டீசலை ரேடியேட்டர்ல ஊத்துவாரான்னு அந்த ஆளைக் கேளுங்க. அதுவும் உள்ளதான போகுது!"

"டிக்கெட் கிழிச்ச ஆளுக்கு இஞ்சினைப் பத்தி என்ன தெரியும்னு கேளுங்க தாயி!"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றார் தாயி. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், போன மாசக் காலண்டர் தாளையும் ஒரு கரித்துண்டையும் கத்திரிக்கோலையும் எடுத்து வந்தார்.

"நீங்க ஓட்டுன பஸ்ஸு எந்த ஊருக்குப் போச்சு?"

"வத்தலக்குண்டு."

"பெருசா எழுதுங்க. ரூட் போர்டு மாதிரி."

வீரணன் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். கை நடுங்கியதில் எழுத்துகள் கோணலாக விழுந்தன. ஆனாலும் படிக்க முடிந்தது.

"இப்ப எழுத்து எழுத்தா வெட்டுங்க."

வெட்டினார். தாயி துண்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி, தரையில் கொட்டி வரிசையாக வைத்தார்.

"எல்லா எழுத்தும் இருக்கா?"

வீரணன் எண்ணினார். "இருக்கு."

"ஒண்ணும் குறையலையே?"

"எட்டும் இருக்கு."

"அப்பப் படிங்க. இந்த பஸ்ஸு எங்க போகுது?"

வீரணன் குனிந்து பார்த்தார். "தண்டு... குல... வ..." நிமிர்ந்தார். "இப்படி ஒரு ஊரே இல்லையே தாயி."

"இன்சுலினும் ஒரு போர்டுதாண்ணே. ஐம்பத்தொரு எழுத்து. அதே வரிசையில இருந்தாத்தான் உடம்புக்குப் படிக்கத் தெரியும். வயித்துல கத்திரி இருக்கு. குடலுக்குள்ள இன்னும் நிறைய இருக்கு. நீங்க குடிச்சதை எல்லாம் சேர்ந்து இப்படித்தான் ஆக்கி வச்சிருக்கு."

"அஞ்சு நாளுமா?"

"அஞ்சு நாளும். மோரோட மோரா."

வீரணனுக்குத் தன் வயிற்றின் மேலேயே கோபம் வந்தது. "இது மருந்து, இது சோறுன்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

"கத்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாதுண்ணே. யாரு எழுதுனதுன்னும் பாக்காது. வந்தா வெட்டும்."

வீரணன் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஊசியில குத்துனா மட்டும் வெட்டாதா? ரத்தத்துல கத்திரி இல்லையா?"

"நல்லாக் கேட்டீங்க. ரத்தத்துல இருக்கு, ஈரல்ல இருக்கு, சிறுநீரகத்துல இருக்கு. கொஞ்சம் நிதானமா வெட்டும், அவ்வளவுதான். உடம்பு தானா சுரக்குற இன்சுலினைப் பத்து நிமிஷத்துல பாதிக்கு மேல வெட்டிப் போட்டிரும்."

"எதுக்கு? மெனக்கெட்டுச் சுரந்துட்டு மெனக்கெட்டு எதுக்கு வெட்டணும்?"

"வெட்டலேன்னா? நேத்து தின்ன இட்லிக்குச் சுரந்தது இன்னைக்கும் நிக்காம வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். சர்க்கரை ஒரேயடியா இறங்கி ஆளு போயிருவான். சேதி வந்துச்சு, கேட்டாச்சு, கிழிச்சுப் போட்டாச்சு. அதான் உடம்போட பழக்கம்."

"கோவத்துல சுரக்குமே ஒண்ணு? நெஞ்சு படபடன்னு அடிக்குமே?"

"அதையும் விடாது. ஒரு காப்பி ஆறுற நேரம்."

வீரணன் துண்டைக் கீழே போட்டார். "அது மட்டும் பொய் தாயி. எனக்குப் பத்தொன்பது வருஷமா ஆறலை."

"கையக் காட்டுங்க."

தாயி இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினார்.

"எழுபத்திரண்டு. இப்பச் சொல்லுங்க. அன்னைக்கு அவரு என்னதான் சொன்னாரு?"

வீரணன் சொன்னார். சந்தை நாள், மேடு, இரண்டடி உருண்டது, படியில் நின்றவன் எந்தக் கையால் கம்பியைப் பிடித்திருந்தான் என்பது வரை சொன்னார். "வண்டில்ல இவரை ஓட்டுது" என்று முடிக்கும்போது முகம் சிவந்துவிட்டது. ஒரு வார்த்தை மாறவில்லை.

"நூத்தியெட்டு," என்றார் தாயி. "ஜபம் பண்ணி முடிச்ச மாதிரி இருக்கு."

வீரணன் சிரிக்கவில்லை.

தாயி அதற்கப்புறம் பேசவில்லை. வீரணனையும் பேச விடவில்லை. கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். காற்றில் "ண்" துண்டு பறந்து கதவோரம் போய் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் போனது. தாயி மறுபடி எண்ணினார்.

"எழுபத்தாறு."

வீரணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதுக்குள்ள அவரை மன்னிச்சீங்களாண்ணே?"

"அவனையா? நானா? செத்தாலும் மாட்டேன்!"

"பின்ன யாரு இதை இறக்குனா?"

வீரணன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கத்திரியா?"

தாயி தலையாட்டினார்.

"அப்ப... அன்னைக்கு அவன் எனக்குள்ள ஏத்துனது?"

"பஸ்ஸு வத்தலக்குண்டு போறதுக்குள்ள வெட்டிப் போட்டாச்சு. மிச்சம் மீதி இல்ல."

வீரணனுக்கு ஒத்துக்கொள்ள மனசில்லை. ஆனால் எண்ணியதைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

"தினமும் காலையில எந்திரிச்சதும் எனக்கு எரியுது தாயி. அவன் குத்துனது அன்னைக்கே போயிருச்சுன்னா, இதை யாரு எனக்குப் போடுறது?"

தாயி அவருடைய கைகளைப் பார்த்தார். முழங்கால் மேல் இரண்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஊசி பிடிச்சாக் கை நடுங்குது, கோடு தெரியலன்னு சொல்றீங்க. இதை மட்டும் பத்தொன்பது வருஷமா சொட்டு சிந்தாமப் போட்டுக்கிறீங்களேண்ணே."

வீரணன் குனிந்து தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் பால்பாண்டி ஊசியில் மருந்தேற்றித் தட்டில் வைத்தார். வீரணன் எடுக்கவில்லை. பனியனை வயிற்றுக்கு மேல் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"விரலுக்காகத்தான். இவனை மன்னிச்சிட்டேன்னு யாரும் நெனைக்க வேணாம்," என்றார்.

"தாயி, நானும் ஒண்ணும் மறக்கலன்னு அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க," என்றார் பால்பாண்டி. ஊசி கையில் இருந்தது. "ஆத்துப்பாலம் ஸ்டாப்புல டீ குடிக்க இறங்குனேன். நான் ரெண்டு விசில் குடுக்கவே இல்ல. வண்டிய எடுத்துட்டாரு. பையைத் தூக்கிக்கிட்டு நாலு கிலோமீட்டரு ஓடுனேன் தாயி. பஸ்ஸுல இருந்த சனமெல்லாம் பின்கண்ணாடி வழியா கை தட்டுச்சு."

"ரெண்டு விசில் கேட்டுச்சு!" என்றார் வீரணன். நேராகப் பால்பாண்டியைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

"யோவ், அது பலூன்காரன் ஊதுனதுய்யா!"

"எனக்கென்ன தெரியும்? நீயும் அப்படித்தான் ஊதுவ!"

பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. பால்பாண்டியின் கை நடுங்கியது. ஊசி முனையில் ஒரு துளி வந்து நின்றது.

தாயி எழுந்து வந்து பால்பாண்டியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நூத்திப் பதினாலு. உங்களுக்கும் ஆறாம இருக்காண்ணே?"

பால்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊசிக்கு மூடியைப் போட்டுக் கீழ வைங்க. ரெண்டு பேரும் உக்காருங்க."

ஒரே பெஞ்சுதான் இருந்தது. ஒருவர் இந்தக் கோடியிலும் ஒருவர் அந்தக் கோடியிலும் உட்கார்ந்தார்கள். தாயி சர்க்கரை போடாத காப்பி ஒரு டம்ளர் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"குடிக்க இல்ல. ஆறட்டும்."

ஆவி போய்க்கொண்டிருந்தது. பால்பாண்டி ஒரு தடவை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தாயி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். வீரணனுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. மீசைக்குள் மறைத்துக்கொண்டார். காப்பியின் மேல் ஆடை படிந்தது.

தாயி முதலில் வீரணன் கையைப் பிடித்தார். பிறகு பால்பாண்டி கையைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

பால்பாண்டி ஊசியை எடுத்தார். கை நடுங்கவில்லை. வீரணன் பனியனைத் தூக்கிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, தாயியைப் பார்த்தார்.

"போலாம், ரைட்," என்றார் தாயி.