பதின்மூன்று கட்டைகள்

பியானோவுக்கென்றே இசை எழுதி ரஷ்யா முழுக்கப் பெயர் வாங்கியவர் பவேல் இக்னாத்தியெவிச். அவருடைய கை விரிந்தால் பதின்மூன்று வெள்ளைக் கட்டைகளைப் பிடிக்கும் என்று ஊரில் பேச்சு. அளந்து பார்த்தவர் யாருமில்லை. பேசுவதற்கு ஊருக்கு என்ன செலவு!

அவர் புதிதாக எழுதியதை முதன்முதலில் மேடையில் வாசிக்க வேண்டியவள் அவருடைய மாணவி ஸோயா. வயது நாற்பத்திரண்டு. சின்னக் கை. கச்சேரிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, இடது கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"பவேல் இக்னாத்தியெவிச், வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள்."

"கையைக் காட்டு."

காட்டினாள். கடைசிப் பக்கத்தில் இடது கை இரண்டு சுரங்களை ஒன்றாக அடிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று பதின்மூன்று கட்டை தூரம். அதற்காக இரண்டு வாரமாக விரல்களுக்கு நடுவே மர ஆப்புகளைச் செருகிக்கொண்டு தூங்கியிருக்கிறாள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். இது தகுதியை மீறிய வீக்கம். சுண்டுவிரல் மடங்கவே இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

"இன்னும் ஒரு வாரம் போனால் இந்தக் கை பால் கறக்கக்கூட உதவாது. ஆப்புகள் எங்கே?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக் கணப்பில் போட்டார்.

"எனக்கு ஒன்பது கட்டைதான் எட்டுகிறது. உங்கள் கைக்கு எழுதியதை நான் எப்படி வாசிப்பேன்?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அவர் பியானோவின் முன் உட்கார்ந்தார். இடது சுண்டுவிரலைக் கீழ்க் கட்டையில் வைத்துக் கையை விரித்தார். கட்டைவிரல் பதினொன்றோடு நின்றது.

ஸோயா எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"வயதானதால் கை சுருங்கிவிட்டதா?"

"இருபது வயதிலும் பதினொன்றுதான்."

"அப்படியானால் இதை எப்படி வாசிப்பது?"

"கீழ்ச் சுரத்தை முதலில் அடி. காலடி மிதியை அழுத்திப் பிடித்துக்கொள், நாதம் நிற்கும். பிறகு கையைத் தூக்கி மேலே போ. ஐந்து நாளில் வீக்கம் வற்றிவிடும். நீதான் வாசிக்கிறாய்."

"கை தாவுகிற நேரம் சபைக்குக் கேட்குமே."

"கேட்கட்டும்."

ஸோயாவுக்குக் கோபம் வந்தது. இரண்டு வார வலி சும்மா போகுமா?

"உங்களுக்கே எட்டாததை ஏன் எழுதினீர்கள்?"

"எட்டுவதையெல்லாம் எழுதி முடித்துவிட்டேன், ஸோயா."